பித்தன் என்று யாரைச் சொல்வது?

ஊரோடு ஒத்து நடவாதவனைப் பித்தன் என்பது உலக வழக்கு. ஆயினும், பலரினின்று வேறுபட்டு நடப்பது மட்டுமே மனநோய்க்கு அடையாளமாகுமா?

1851-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என எழுதி, அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் சூட்டினார். விடுதலை வேட்கை அவருக்குப் பிணியாகப்பட்டது, அடிமைத்தளையோ இயல்பாகப்பட்டது. வலியவரின் வசதியை அளவுகோலாகக் கொண்டால் விளைவது இதுவே.

எனவே, இன்றைய உளமருத்துவம் வேறு வினாக்களை எழுப்புகிறது. இம்மனிதர் உள்ளூரத் துன்புறுகிறாரா? உறக்கம், உழைப்பு, உறவு ஆகியன குலைந்துள்ளனவா? இந்நிலை எவ்வளவு காலமாக நீடிக்கிறது? அவருடைய வாழ்க்கைச் சூழலே இதற்குப் போதிய விளக்கமாகுமா? மகனை இழந்த தாயின் கண்ணீர் நோயன்று. சோர்வு வாரக்கணக்கில் கவிந்து, உணவையும் உறக்கத்தையும் பறித்து, வாழும் விருப்பத்தையே அணைக்குமாயின், அது சிகிச்சைக்குரியது.

காரணமும் ஒன்றன்று. உடற்கூறு, உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் இணைத்தே நோயை நோக்க வேண்டும் என 1977-இல் ஜார்ஜ் எங்கல் என்னும் மருத்துவர் வற்புறுத்தினார். அவ்வாறாயின், "மன உறுதி இல்லாதவன்", "செய்த பாவத்தின் பலன்" என்று நாம் எளிதாகக் கூறிவிடுவது எவ்வகையில் நீதியாகும்?

நோயற்றவரை நோயாளியாக்குவது ஒரு கொடுமை. நோயுற்றவரைக் குற்றவாளிபோல் நடத்துவது மற்றொன்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 உயிர்கள் கருகின. இதனை ஒரு சமயத்தாரின் குறையாகக் கருதுவதற்கில்லை. மருத்துவம் கிட்டாத குடும்பங்கள் எல்லாச் சமயங்களிலும் உள்ளன.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. சமூக ஒழுக்கத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் ஒருவர் இணங்காமையைக் கொண்டு அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்றும் கூறுகிறது. இருவகைக் கொடுமைக்கும் சட்டம் வேலியிட்டுவிட்டது. ஆனால், நம் இல்லத்திலும் தெருவிலும் அவ்வேலியைக் காக்க வேண்டியவர் நாமே. ஒருவரைப் பித்தன் என்று சொல்ல நா எழும்போது, அவர் நமக்குத் தரும் தொல்லையை எண்ணுகிறோமா, அவர் படும் துன்பத்தை எண்ணுகிறோமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.