தாங்கும் செடி

"வெயில் வேணாம், தண்ணி அதிகம் வேணாம், மறந்தாலும் சாகாது" என்று சொல்லித்தான் சுங்கை பூலோ நர்சரியில் அந்தச் செடியை விற்றார்கள். 30 வெள்ளி. ஸீஸீ செடி. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருப்பார்களே, எண்ணெய் தடவியது மாதிரி மின்னும் இலைகளோடு, அதுதான். தொழிற்சாலையில் என் அறைக்கு ஜன்னல் கிடையாது. எனக்காகவே பிறந்த செடி என்று நினைத்தேன்.

பராமரிப்புப் பிரிவு ஆட்களுக்கு ஷிப்ட் அட்டவணை போடுவதும் என் வேலை. யாருக்கு நைட் போட்டாலும் போன் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், மனைவிக்கும் நைட். ஒருவர் மட்டும் கூப்பிடமாட்டார். ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். "பரவால்ல தம்பி, போடுங்க." எட்டு மாதம் பெரும்பாலான நைட் அவருக்குத்தான். அதில் எனக்கு உறுத்தலே இருக்கவில்லை. "அவர் தாங்குவார்" என்று மேனேஜரிடம் பாராட்டாகவே சொல்லியிருக்கிறேன்.

செடியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு வரை இயற்கையாக வளர்வது. நம் சேப்பங்கிழங்கின் குடும்பம். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டு அந்தக் கிழங்கோடு காத்திருக்கும். தண்ணீர் தட்டுப்படும்போது கரியமில வாயுவில் கொஞ்சத்தை இரவில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதாவது அதுவும் நைட் ஷிப்ட் பார்க்கிறது.

ஆனால் இருட்டு அதற்குப் பிடிக்கும் என்று நான் படித்த எதிலும் இல்லை. தாங்கும் என்றுதான் போட்டிருக்கிறது. நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் வைத்தால் இன்னும் நன்றாக வளருமாம். தாங்கும் என்பதை விரும்பும் என்று மாற்றிப் படித்தது நான். ஒரு கொக்கி எவ்வளவு பாரத்தில் உடையும் என்று தெரிந்தால், அதில் ஒரு பங்கைத்தான் அதில் தொங்கவிடுவோம். இதை யூனியில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும், உடையாதவரைக்கும் ஏற்றலாம் என்று எப்படியோ எடுத்துக்கொள்கிறோம்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு வேலையை ஒப்படைக்க வந்தவர், பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிப்போனார். ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தார். அவர் மோட்டார் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவார், நெடுஞ்சாலை வழியாக. அன்று வீட்டில் போய் இறங்கிவிட்டேன் என்று அவர் மெசேஜ் போடும்வரை எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த மாதம் முழுக்க அவருக்குப் பகல் போட்டேன். அதே வேகத்தில் செடிக்கும் தினம் ஒரு குவளை தண்ணீர். மூன்று வாரத்தில் தண்டுகள் மஞ்சளாகி, அடிப்பகுதி கொழகொழத்துப்போனது. வெளிச்சம் குறைவாக இருந்தால் செடி குடிப்பதும் குறைவு. தண்ணீர் மண்ணிலேயே நிற்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகும். மறந்திருந்தால் பிழைத்திருக்கும்.

அவரும் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நைட் அலவன்ஸ வச்சிதான் மக யூனி காசு கட்டுறேன். வேணாம்னு நான் சொன்னேனா?"

"வேணும்னும் சொல்லலையே அண்ணே."

"நீங்க கேக்கலையே."

நைட் போட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. முதலாவது என் வசதிக்கு, இரண்டாவது என் மனசாட்சிக்கு. இரண்டாவதை இன்றுவரை நல்ல செயல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், அவர் வராமல் இருந்திருந்தால்.

கேட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்றும் தெரியவில்லை. அட்டவணை போடுகிறவன் கேட்கும்போது, மகளுக்குக் காசு கட்ட வேண்டியவர் சொல்லும் "பரவால்ல" எவ்வளவு தூரம் அவருடைய சொந்தப் பதில்? அவருக்குக் காசு வேண்டும். தூக்கமும் வேண்டும். இரண்டில் எதை அவர் விட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை எக்ஸல் எனக்குத் தந்துவிடாது. அலவன்ஸை உயர்த்தும் அதிகாரமும் என்னிடம் இல்லை. மேனேஜரிடம் பேசினேன். பார்க்கலாம் என்றார்.

அழுகியதை வெட்டி, மிஞ்சிய ஒரு கிழங்கை மாடிப்படி ஜன்னலோரம் புது மண்ணில் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக முளை எதுவும் இல்லை. இது மெதுவாக வளரும் செடி.

போன வாரம் அட்டவணைக்காக அவரைக் கூப்பிட்டு, எத்தனை நைட் வேண்டும் என்று கேட்டேன். "பரவால்ல தம்பி, போடுங்க" என்றார். லாப்டாப்பை மூடிவிட்டு மறுபடியும் கேட்டேன்.