கைவசமில்லாச் சரக்கும் நம் நாணயமும்

கிட்டங்கியின்றி, பெரும் முதலுமின்றிக் கடை நடத்தும் காலம் வந்துவிட்டது. வாடிக்கைக்காரர் கைப்பேசியில் பணம் கட்டுகிறார். கடைக்காரர் அந்த ஆர்டரைச் சீனாவிலுள்ள மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறார். சரக்கு அங்கிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. டிராப்ஷிப்பிங் என்னும் இத்தொழிலில் இறங்கும் நம் இளைஞர் கேட்பது ஒன்றே: “இத்தனை கடைகளுக்கு நடுவே நம் கடை தனித்து நிற்பது எப்படி?”

விலையைக் குறைத்தா? ஒரே முசல்லாவை, ஒரே படத்தைக் காட்டிப் பத்துப் பேர் விற்கின்றனர். நாம் ஒரு வெள்ளி குறைத்தால் அடுத்தவர் இரண்டு வெள்ளி குறைப்பார். சரக்கு நம்முடையதன்று, படமும் நம்முடையதன்று. அப்படியாயின் அக்கடையில் நம்முடையது என்று எதுதான் உண்டு? இது வியாபாரக் கேள்வி மட்டுமன்று, மார்க்கக் கேள்வியுமாகும்.

தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருவோர்க்கு விற்றுவிட்டுப் பின் சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹக்கீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வினவியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்தார்கள். நட்டத்துக்குப் பொறுப்பேற்காத பொருளில் லாபம் அடைவதையும் தடுத்தார்கள். லாபம் எனக்கு, நட்டம் உனக்கு என்பது வியாபாரமாகாது என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தவர்களைப் பெருமானார் அவர்கள் விலக்கவில்லை. அளவையும் எடையையும் தவணையையும் வரையறுக்கச் சொன்னார்கள். இதுவே ஸலம் எனப்படும். முழுப் பணமும் முன்னரே பெறுவது அதன் நிபந்தனை. ஆகவே சரக்கு வந்தபின் பணம் என்னும் ஏற்பாடு அதில் அடங்காது. மொத்த வியாபாரியின் ஏஜெண்டாக, வெளிப்படையாகக் கமிஷனுக்கு விற்பது மற்றொரு வழி. தத்தம் ஏற்பாட்டை ஆலிம்களிடம் சொல்லித் தெளிவு பெறுதல் நலம்.

இவ்விரு வழிக்கும் உயிர் ஒளிவுமறைவின்மையே. மலேசியாவின் 2012-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் விற்பவர் பெயர், முழு விலை, சரக்கு வந்து சேரும் காலம் ஆகியவற்றை அறிவிக்கும்படி கட்டளையிட்டன. நாணயமோ இன்னும் கேட்கிறது. விற்குமுன் ஒன்றை நாமே தருவித்துக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். படத்தையும் நாமே எடுக்க வேண்டும். சாயம் போகுமென்றால் போகும் என்று எழுத வேண்டும். பழுதாய் வந்தால் சீனாவைக் கைகாட்டாமல் நம் பணப்பையிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்று வாரமாகும் என்று உண்மையை எழுதினால், மூன்று நாள் என்று பொய் எழுதுபவரிடம் சிலர் போய்விடுவர். அந்த நட்டம் மெய்யானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பார்த்துப் பின்பற்றுவது போல, பொறுப்பேற்பதைப் பிறர் எளிதில் பின்பற்ற இயலாது. அதற்குக் கைப்பணம் செலவாகும். ஆகவேதான் பத்துக் கடைகளுக்கு நடுவே அது ஒன்றே தனித்துத் தெரிகிறது. சரக்கு அடுத்தவருடையதாக இருக்கலாம். சொல் நம்முடையதாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.