தாங்கலும் தவமும்: இல்லத்துப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன?

அய்யா உண்டு.

வட்டக்கோட்டை மதிலில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலையும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா மன்னரின் காலத்தில், டி லனாய் என்ற தளபதி இக்கோட்டையைக் கருங்கல்லால் பலப்படுத்தினார். அந்தக் கல் காத்த அரசு இன்று இல்லை. ஆனால் இதே கடற்கரையில், வாகைப்பதியில், அய்யா மனிதரைக் கொண்டு எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதுவே துவையல் தவசு.

700 குடும்பத்தார் அங்கே சென்றனர். கடலில் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒரு வேளை மட்டும் உண்டார்கள். பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் தலையில் துணி கட்டவும் மறுக்கப்பட்ட மக்கள் அவர்கள். தவசு முடிந்ததும் அவர்கள் அங்கேயே தங்கிவிடவில்லை. தத்தம் ஊர்களுக்குத் திரும்பி அய்யாவின் வழியைப் பரப்பினர். ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் எழுந்தன. அவற்றில் பல, எழுத்து கற்பிக்கும் இடமாகவும் இருந்தன. நிழல் தேடி வந்தவர் நிழல் தருபவர் ஆனார்.

இதை மனதில் வைத்து ஒரு கேள்வியைக் கேட்போம். பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் நம்மில் பலர் பிள்ளைகள் இல்லத்துக்குச் சென்று உணவளிக்கிறோம். அது தருமமே, அதில் ஐயமில்லை. அன்னதர்மம் அய்யா நமக்குக் கற்பித்தது. ஆனால் தருமம் இலை எடுத்ததும் முடிந்துவிடுமா? உண்ணும் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும்போது, யாருடைய தலை நிமிர்கிறது, யாருடைய தலை குனிகிறது?

பதியில் கண்ணாடியின் முன் நாம் தலைப்பாகையோடு நிற்கிறோம். அங்கே ஏழையும் தன் முகத்தையே காண்கிறான். இல்லத்துப் பிள்ளைக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும். அதுவே கல்வி.

சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் கதவைத் தட்டிய பெண்பிள்ளைகளை, குலத்தைச் சொல்லி விடுதிகள் ஏற்க மறுத்தன. அம்மையார் தாமே வீடு திறந்தார். 1930-களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அங்கே சோற்றோடு பள்ளியும் இருந்தது, பின் பிழைக்க வழியும் கிடைத்தது.

ஒரு மறுப்பும் உண்டு. "பெற்றவர் இருக்கையில் வறுமைக்காகப் பிள்ளையைப் பிரிக்கலாமா?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே முதலில் அந்தத் தாய்க்குக் கை கொடுப்போம். இயலாத இடத்தில்தான் இல்லம்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். 18 வயது நிறைந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்னாதரவுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. என்றாலும் தங்க ஓர் அறை, கல்லூரிக் கட்டணம், வேலை கேட்க ஒரு சிபாரிசு, திருவிழாவுக்குப் போக ஒரு வீடு, இவற்றைச் சட்டம் மட்டும் தந்துவிட முடியாது. அந்த மூன்று ஆண்டுகளில்தான் உறவில்லாத பிள்ளை தடுமாறுகிறது. அன்று கூப்பிட ஒரு மாமாவாக, ஒரு அக்காளாக நாம் இருக்கலாமே.

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்றார் அய்யா. காப்பது என்றால் நம் காலடியில் வைத்திருப்பது ஆகாது. அவர் எழுந்து, இன்னொருவருக்குத் தாங்கலாகும் வரை உடன் நிற்பது. ஒரு பிள்ளையையாவது அப்படிக் காப்போம்.

அய்யா உண்டு.