ஈறில் தடவும் தேன்

சிவாவா குட்டியைக் கையில் கொடுக்கும்போது விற்பவர்கள் பெரும்பாலும் ஓர் அறிவுரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் எப்போதும் தேன் இருக்கட்டும், குட்டி துவண்டு விழுந்தால் விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள் என்பார்கள். அறிவுரையில் குற்றம் காண எதுவுமில்லை; கால்நடை மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தேன் என் மனத்தில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. எந்த நேரமும் நினைவிழந்து விழலாம் என்று சொல்லியே ஓர் உயிர் விற்கப்படுகிறது. வாங்குகிறவரும் தலையாட்டிவிட்டு, வழியில் ஒரு கடையில் தேன் பாட்டிலை எடுத்துக்கொண்டு, ஜெஞ்சாரோமிலோ கிள்ளானிலோ உள்ள தம் தாமான் வீட்டுக்குப் போகிறார். இத்தனை எளிதில் விழக்கூடியது இவ்வளவு சிறு வயதில் இங்கே ஏன் வந்தது என்று கேட்க இருவருக்குமே தோன்றுவதில்லை. குட்டியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றிய யோசனைகள் எல்லாம் வாசலுக்கு உள்ளே தொடங்குகின்றன. பாதுகாப்பின் பெரும்பகுதி அது வாசலைத் தாண்டும் முன்பே தீர்ந்துபோன விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேன் ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். வளர்ந்த சிவாவாவே பொதுவாக மூன்று கிலோவை எட்டாது; எட்டு வாரக் குட்டி பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடுகிறது. உள்ளே உண்டாகும் சூடு வேகமாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டச் சர்க்கரை எரிய வேண்டும். பெரிய நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் கல்லீரல் சேர்த்துவைத்திருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். குட்டிக்குக் கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பு சொற்பம், மூளையோ இடைவிடாமல் சர்க்கரை கேட்கிறது. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலோ, ஏர்கோண்டின் நேர்க்காற்றில் படுத்தாலோ, வயிற்றுப்போக்கு கண்டாலோ, விருந்தாளிப் பிள்ளைகளோடு அளவுக்கு மீறி ஆடினாலோ இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். சோர்வில் தொடங்கும், தள்ளாட்டம், நடுக்கம், பிறகு வலிப்பு, மயக்கம். அந்த நேரத்தில் ஈறில் தடவிய தேன் குட்டியை எழுப்பிவிடுவது உண்டு. தடவத்தான் வேண்டும், வாய்க்குள் ஊற்றக் கூடாது. மயக்கத்தில் விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஏறிய சர்க்கரை சீக்கிரமே இறங்கும் என்பதால் எழுந்தவுடன் உணவு தர வேண்டும், அப்படியே கிளினிக்குக்கும் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் வராமல் இருக்க, ஒரு நாளைக்கு நாலைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்து, தூங்கப்போகும் முன் ஒரு வேளை, விடிந்ததும் ஒரு வேளை என்று இடைவெளியைக் குறைப்பதே வழி.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கேரித் தீவிலும் பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலும் லயன் வீட்டின் பின்னால் நாய் குட்டி போட்டபோது யார் தேன் தடவினார்கள்? மிஞ்சிய சோற்றையும் கருவாட்டுத் தலையையும் தின்று அவை வளரவில்லையா? நியாயமான கேள்விதான், ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. நம் நினைவில் நிற்பவை வளர்ந்து ஆளான நாய்கள். ஈன்ற ஆறில் எத்தனை தேறின என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. மரத்தடியில் புதைத்தவை கதைக்குள் வருவதில்லை. இன்னொன்று, அந்தக் குட்டிகள் தாயோடு இருந்தன. தாயே முலையை உதறிக்கொண்டு எழுந்து போகும் வரை பால் கிடைத்தது. சூடும் அதட்டலும் அதே இடத்தில் கிடைத்தன. கைக்குள் அடங்க வேண்டும் என்று யாரும் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சிறுக்க வைக்கவும் இல்லை. ஆக, தோட்டத்து நாயைச் சாட்சிக்கு அழைத்தால் அது தேன் அறிவுரை சொல்லிக் குட்டி விற்பவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

தாய் என்றதும் எப்போதோ படித்த ஒன்று குறுக்கே வருகிறது. மகாபாரதத்து நாய் என்றால் தருமரோடு மலையேறிய நாயைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதே நூலின் தொடக்கத்தில், ஆதிபர்வத்தில், ஒரு குட்டி வருகிறது. கோயில் சொற்பொழிவுகளில் அந்தக் கதை அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஜனமேஜயன் வேள்வி நடத்தும் இடத்துக்குச் சரமை என்ற தெய்வ நாயின் குட்டி வந்து சேர்கிறது. அரசனின் தம்பிகள் அதை அடித்துத் துரத்துகிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் ஓடுகிறது. நீ ஏதாவது குற்றம் செய்திருப்பாய் என்றுதான் தாய் முதலில் சொல்கிறாள். நெய்யை நக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை என்கிறது குட்டி. சரமை நேரே வேள்விக்களத்துக்கு வந்து நின்று, குற்றமற்ற பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நினையாத இடத்திலிருந்து உனக்கு அச்சம் வரட்டும் என்று அரசனைச் சபித்துவிட்டுப் போகிறாள். அவன் கலங்கிப்போய், அந்தச் சாபத்தைத் தணிக்க வல்ல புரோகிதரைத் தேடி அலைகிறான். சாபத்தைவிட என்னை இழுப்பது அந்த முதல் கேள்வி. பிள்ளைக்காக வாதாடப் போகும் முன், பிள்ளையையே விசாரிக்கிறாள். கடித்தால் எவ்வளவு வலிக்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்பதும் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான்; கொஞ்சம் அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். சிவாவா என்றால் கையைக் காட்டினாலே சீறும் என்கிறோமே, அதில் இனத்தின் பங்கு எவ்வளவு, இந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிட்டா சொல்கிறோம்?

இதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள், பிறந்து முப்பது நாற்பது நாளில் தாயைப் பிரிந்த நாய்களையும் இரண்டு மாதத்தில் பிரிந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். முன்னதாகப் பிரிந்தவற்றில் ஓயாக் குரைப்பு, சத்தத்துக்கு மிரள்வது, நடைக்கு அழைத்துப் போனால் பயப்படுவது, பொருள்களைக் கடித்துக் குதறுவது ஆகியவை கூடுதலாகத் தெரிந்தன. உரிமையாளர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு அது. சீக்கிரம் பிரிக்கிறவர் மற்ற விஷயங்களிலும் அக்கறையற்றவராக இருந்திருக்கலாம் என்று மறுக்க இடமுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதே என்ற பொதுவான அறிவுரை தளரவில்லை. சிவாவா போன்ற மிகச் சிறிய இனங்களை இன்னும் சில வாரம் தாயோடு விடுகிற வளர்ப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த லூசி சட்டம், ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடையில் நின்று வாங்கி விற்கும் வணிகத்தைத் தடைசெய்தது. வாங்குகிறவர் வளர்த்தவரிடமோ மீட்பு மையத்திடமோதான் போக வேண்டும்; வளர்த்தவரிடம் குட்டியைத் தாயோடு பார்க்க வேண்டும். வேல்ஸில் ஒரு பண்ணையில் ஈன்று ஈன்றே உருக்குலைந்து மீட்கப்பட்ட நாயின் பெயர்தான் லூசி. நம் மலேசியாவில் விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2017இல் நடப்புக்கு வந்தது. கொடுமைக்கு 20,000 ரிங்கிட் முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அடிப்பதும் பட்டினி போடுவதும் கண்ணுக்குத் தெரியும் கொடுமைகள். இரண்டு வாரம் முன்னதாகத் தாயிடமிருந்து எடுத்துவிடுவது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது.

வீட்டை விட்டே வெளியே போகாத நாய்க்குத் தடுப்பூசி எதற்கு, நோய் எங்கிருந்து வரும் என்பது அடுத்த ஆட்சேபம். கதவைச் சாத்தினால் எல்லாம் வெளியே நின்றுவிடும் என்ற நம்பிக்கையை ஜெஞ்சாரோம்காரர்களிடம் சொல்ல முடியாது. 2018இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் உலகத்துக் குப்பையின் ஒரு பங்கு ஜெஞ்சாரோம் இருக்கும் கோல லங்காட் வட்டாரத்துக்குத் திரும்பியது. உரிமமற்ற ஆலைகள் செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே இரவில் எரித்த புகை, சாத்திய ஜன்னல்களைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் புகார் செய்த பிறகே முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. பார்வோ வைரஸும் கதவுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. 1970களின் கடைசியில் தலைகாட்டி ஓரிரு ஆண்டுகளில் உலகைச் சுற்றிவந்த கிருமி அது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரவேற்பறை வரை வரும். சாதாரண சோப்பு அதை ஒன்றும் செய்யாது; குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் வேண்டும். சிவாவா குட்டிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் வைரஸ் ஒரு பக்கம், இறங்கும் சர்க்கரை மறுபக்கம். இங்கேயும் தாய் வருகிறாள். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் வாரங்கள் போகப் போக மெல்லக் குறைகிறது. நோயைத் தடுக்கப் போதாமல், தடுப்பூசியை மட்டும் வேலை செய்யவிடாத ஓர் இடைக்காலம் வருகிறது. அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் என்று வெளியே தெரியாது. அதனால்தான் ஒரே ஊசியோடு விடாமல், சில வார இடைவெளியில் தொடர்ந்து போட்டு, கடைசி ஊசியைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். குட்டி சிறியது, பாதி ஊசி போதாதா என்று சிலர் மருத்துவரிடம் பேரம் பேசுகிறார்கள். தடுப்பூசியின் அளவு எடையைப் பார்த்துக் குறைவதில்லை. சிறிய நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகள் போட்டால் ஒவ்வாமை சற்றுக் கூடுதலாக வருகிறது என்பது உண்மை. அதற்கு ஊசிகளைப் பிரித்துப் போடும்படி கேட்கலாம்.

அப்படியானால் பதினாறு வாரம் வரை பொத்திப் பொத்தி வைத்துவிடலாமா? அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல்லாண்டு குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட நூல் இந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய மூன்றாவது மாதம் வரை பழகிய உலகத்தைத்தான் நாய் தன் உலகமாக ஏற்கிறது. அதற்குள் பார்க்காதது பின்னால் பெரும்பாலும் பயமாகிவிடுகிறது. கிருமிக்குப் பயந்து மறைத்தால் மனம் குறுகும், மனத்துக்காக வெளியே விட்டால் கிருமி. இரண்டும் ஒரே வாரங்களில் வந்து நிற்பது இயற்கையின் குசும்பு. பிற நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல் கையில் தூக்கியபடியே உலகத்தைக் காட்டலாம் என்பது நடைமுறையாளர்களின் விடை. பாங்கொலி, கோயில் உறுமி, செம்பனை லாரி, ஜெஞ்சாரோமின் தோங் சென் புத்தக் கோயிலின் விளக்கு விழாவுக்கு வந்து குவியும் கூட்டத்தின் இரைச்சல் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து கேட்கவிடலாம். வெடிச்சத்தத்தை மட்டும் இன்னும் தூரத்தில் வைக்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளைச் சொல்லிவிட்டுப் போகிறேன், அவை எல்லாருக்கும் தெரிந்தவை. சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம். பல சிவாவா குட்டிகளுக்கு உச்சந்தலையில் எலும்பு கூடாத மென்பகுதி இருக்கும். கழுத்துப் பட்டை மூச்சுக்குழலை நெரிக்கும், மார்புப் பட்டை நல்லது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. காய்ச்சல் என்று நினைத்துப் பெனடோல் கொடுக்கவே கூடாது. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடலாம். ஒட்ட முடியாதது ஆள். ஜெஞ்சாரோமிலிருந்து ஷா ஆலமுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகும் குடும்பம் நெரிசலுக்குப் பயந்து விடியும் முன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறது. பத்து மணிக்கு ஒரு வாய், ஒரு மணிக்கு ஒரு வாய் யார் கொடுப்பது? தாயில்லாக் குட்டிகளைக் கையாலேயே பாலூட்டி ஆளாக்கியவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருந்தார்கள், இரவிலும் விழித்தார்கள். அது அன்பு இருந்தால் தானே நடந்துவிடும் காரியமில்லை. பகலில் ஆள் இல்லாத வீட்டில் தேன் பாட்டிலைத் திறக்கக் கை ஏது?

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் ஆட்சேபம் மட்டும் என்னிடம் பதில் இல்லாமல் நிற்கிறது. நீங்கள் வாங்காவிட்டால் கடைக் கூண்டில் ஏற்கெனவே இருக்கும் ஆறு வாரக் குட்டிக்கு என்ன ஆகும்? இரக்கப்பட்டு வாங்கியதும் விற்பனைதான், காலியான கூண்டில் அடுத்த குட்டி வரும், இன்னும் சின்னதாக வரும் என்று சொல்லலாம். அந்த வாதத்தில் ஓட்டையும் இல்லை. ஆனால் அது இனி பிறக்கப்போகிறவற்றுக்காகப் பேசுகிறது. கண்ணெதிரே நடுங்குவதற்கு அதில் ஒரு வரி கூடக் கிடையாது. முன்பணம் கொடுத்து, இன்னும் சில வாரம் தாயிடமே விட்டுவையுங்கள் என்று கேட்கலாம். தாய் அங்கேயே இருந்தால் அது நடக்கும். பெரும்பாலும் தாய் எங்கே என்ற கேள்விக்கே பதில் வராது. வாங்காமல் திரும்புவதே சரி என்று ஒரு நேரம் உறுதியாகத் தோன்றுகிறது. பகல் முழுதும் ஆள் இருக்கும் வீடாக இருந்தால் வாங்கியே தீர வேண்டும் என்று இன்னொரு நேரம் அதே உறுதியோடு தோன்றுகிறது. இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்பது என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.