நடுகல்லும் கொடிமரமும்

“கொடி ஏறிவிட்டதே, மிட்டாய் எங்கே?” என்கிறான் சிறுவன். “பொறு! பேச்சு முடியட்டும்” என்கிறார் பெரியவர்.

ஆகஸ்ட் 15. ஊர், பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி. வெல்லத்துக்குப் பெயர்போன பேரூர். எனினும் என்ன? எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான். பேச்சாளர் முழங்குகிறார்: “பனிமலையிலே படைவீரன் விழித்திருக்கிறான், அதனால் நாம் பஞ்சணையிலே உறங்குகிறோம்!” கைதட்டல் எழுகிறது. மிட்டாய் வழங்கப்படுகிறது. கூட்டம் கலைகிறது. வீரனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அத்துடன் தீர்ந்தது என்ற திருப்தியுடன் வீடு திரும்புகிறோம்.

தீர்ந்ததா, தோழர்களே? அதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

பகுத்தறிவுப் பாசறையிலே பயின்ற இளைஞன் ஒருவன் குறுக்கிடுவான்: “போர் கொடியது, மண்ணாசையும் பதவி ஆசையும் மூட்டும் தீ அது. அதிலே மாண்டவனைப் போற்றுவது போரையே போற்றுவதாகாதா?” கேள்வியிலே நியாயம் இருக்கிறது. மற்றொருவனோ, “வீரன் தெய்வம், தெய்வத்தைப் பற்றிக் கேள்வி கேட்காதே!” என்பான். இவன் பேச்சிலே உருக்கம் இருக்கிறது, ஆனால் ஆபத்தும் இருக்கிறது.

முதல்வனுக்கு முதலிலே பதில் கூறுவோம். போர் தொடுக்க ஆணையிட்டவன் வேறு. ஆணையை ஏற்று உயிரைத் தந்தவன் வேறு. ஆணையிட்டவனை நாம் அறிவெனும் தராசிலே நிறுக்கவேண்டும். அவன் காட்டிய காரணம் மெய்யா பொய்யா, வேறு வழி இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்கவேண்டும். உயிர் தந்தவனுக்கோ நாம் செலுத்தவேண்டியது நன்றி. நிறுக்க வேண்டிய இடத்திலே நன்றி கூறுவது மடமை. நன்றி கூறவேண்டிய இடத்திலே தராசைத் தூக்குவது கொடுமை.

இரண்டாம் உலகப் போரிலே பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தோர் 25 இலட்சத்துக்கும் மேல். அதே காலத்தில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலே பால் வடித்துக்கொண்டிருந்த தமிழர் பலர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலே சேர்ந்து எதிர்வரிசையில் நின்றனர். பெண்களும் ஜான்சிராணிப் படையிலே துப்பாக்கி ஏந்தினர். இந்தப் பக்கமும் தமிழன், அந்தப் பக்கமும் தமிழன்! விடுதலை வந்தது, நேதாஜியின் வீரர்களோ விடுதலை பெற்ற நாட்டின் இராணுவத்திலே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. புகழ்ந்தோம்; பணியிலே இடம் மட்டும் தரவில்லை. மாலை எளிது, உரிமை அரிது.

இனி, தெய்வமாக்கும் தோழனுக்கு வருவோம். வீரனைப் போற்றக் கற்றுக்கொள்ள வடக்கே போகவேண்டியதில்லை நாம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006இல் கிடைத்த நடுகற்களிலே தமிழி எழுத்துக்கள் உள்ளன. ஆகோள் பூசலிலே மாண்ட ஒருவனின் பெயரையும் ஊரையும் ஒரு கல் கூறுகிறது. அந்தப் பூசல் நீதியானதா என்று கல் கூறவில்லை. விழுந்தவன் பெயரை மட்டும் காத்து நிற்கிறது.

ஆனால், நடுகற்கள் பலவற்றுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது? விளக்கேற்றினார்கள், எண்ணெய் பூசினார்கள், கிடா வெட்டினார்கள். வீரன் சாமியானான். சாமி ஆனதும் அவன் பெயர் மறைந்தது. எந்த ஊரைக் காக்க விழுந்தான் என்பதும் மறந்தது. வழிபாடு வளர்ந்தது, வரலாறு தேய்ந்தது! தெய்வமாக்குவது, மறப்பதற்குக் கண்டுபிடித்த மரியாதையான வழி. தெய்வம் ஓய்வூதியம் கேட்காது. தெய்வத்தின் மனைவி அலுவலகப் படியேறி, “என் விண்ணப்பம் என்னவாயிற்று?” என்று கலங்கி நிற்கமாட்டாள். மனிதனாக மதித்தால்தான் அந்தக் கேள்விகள் நம் காதிலே விழும்.

ஆகவே, வணக்கம் வேண்டாம், மதிப்பு வேண்டும். மதிப்பு எங்கே சோதிக்கப்படும்? கொடிமரத்தடியிலேதான்!

2020ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கிலே இந்திய வீரர் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களிலே ஒருவர், இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. தமிழகம் கண்ணீர் வடித்தது. சரியாக இரண்டு திங்கள் கழித்து ஆகஸ்ட் 15 வந்தது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்திலே, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்மணி, கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்து நாடு தலைகுனிந்த பிறகு, ஆட்சியர் முன்னிலையிலே ஆகஸ்ட் 20ஆம் நாள் அவர் கொடியேற்றினார். எந்தக் கொடி? எல்லையிலே மாண்டவர் உடல்மீது போர்த்தப்படும் அதே கொடி!

இதனினும் கொடிய காட்சி வடக்கிலே உண்டு. 2016 ஜூனில் காஷ்மீரத்துப் பாம்போரிலே தாக்குதலுக்கு இரையான மத்திய ரிசர்வ் காவல் படை வீரர் ஒருவரின் உடல், உத்தரப் பிரதேசத்திலே பிரோசாபாத் மாவட்டத்துச் சொந்த ஊருக்கு வந்தது. பொது நிலத்திலே எரியூட்ட இடம் தரமாட்டோம் என்றனர் சாதியின் பெயரால் சிலர். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. நாட்டின் எல்லையைக் காத்தவனுக்கு ஊரின் எல்லைக்குள் இடமில்லை!

கொடியேற்றும் கயிறு வெறும் கயிறல்ல, தோழர்களே. சுதந்திர நாளிலே கோட்டையில் கொடியேற்றும் உரிமை மாநில முதலமைச்சருக்கே 1974இல்தான் கிடைத்தது. கலைஞர் வாதாடிப் பெற்றது. அதற்கு முன் ஆளுநரே ஏற்றிவந்தார். முதலமைச்சருக்கு வாதாடிப் பெற்ற உரிமை, ஊராட்சித் தலைவிக்கு மறுக்கப்படலாமா?

1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை மறுத்து, மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார். இரு தலைவர்களும் மாறுபட்டனர். ஆனால், விடுதலை யாருக்கு என்ற கேள்வியை இருவருமே விடவில்லை. அந்தக் கேள்விதான் இன்றும் நம் கையிலுள்ள விளக்கு.

நெய்க்காரப்பட்டித் தோழர்களுக்கும், அதுபோன்ற ஊர்களிலே வாழும் இளைஞர்க்கும் ஒன்று சொல்வேன். அடுத்த ஆகஸ்ட் 15 அன்று, உங்கள் ஊரிலிருந்து படைக்குச் சென்று மீளாதவர் உண்டா என்று கேட்டறியுங்கள். இருந்தால், பெயரை உரக்கப் படியுங்கள். பட்டம் வேண்டாம், பெயர் போதும். அவர் இல்லத்துக்குச் செல்லுங்கள்; மாலையோடு அல்ல, மனு எழுதும் தாளோடு. வரவேண்டிய உதவி வந்துவிட்டதா என்று கேளுங்கள். டிசம்பர் 7 கொடி நாளிலே உண்டியலில் போடும் காசு யாருக்குப் போகிறது என்பதைச் சிறுவர்க்குச் சொல்லுங்கள். ‘போர்’ என்று எவரேனும் கொக்கரித்தால், ‘ஏன்?’ என்று கேட்கத் தயங்காதீர்; உயிரைத் தரச் சித்தமாக நிற்பவனுக்கு நாம் செய்யக்கூடிய பெருந்தொண்டு, அந்த உயிர் வீணாகாமல் பார்த்துக்கொள்வதே. இத்தனையும் செய்துவிட்டு, கொடிக்கயிற்றை யார் கையிலிருந்தும் சாதி பறிக்காமல் காவல் நில்லுங்கள்.

பனிமலையிலே அவன் காவல் நிற்கிறான். கொடிமரத்தடியிலே நாம் நிற்கவேண்டாமா?

நின்றுவிட்டு, பிறகு மிட்டாய் கொடுப்போம். அப்போதுதான் அது இனிக்கும்.