எண்ணிக்கையா, அமானிதமா?

மாணவர் குறைந்துவிட்டனர் என்பதற்காக ஒரு பள்ளியை மூடுவது அறமாகுமா?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், டயட் உயர்நிலைப் பள்ளியைப் படிப்படியாக மூடிவிட 2012-இல் கல்வி வாரியம் தீர்மானித்தது. புதுச் சேர்க்கை நின்றது. 2015-இல் கடைசி வகுப்பில் எஞ்சியவர்கள் 13 பேரே. அவ்வாண்டு ஆகஸ்டில், பெற்றோரும் பாட்டிமாரும் உள்ளிட்ட 12 பேர் உண்ணாவிரதம் தொடங்கினர். 34 நாட்கள் அது நீடித்தது. 2016-இல் பள்ளி மீண்டும் திறந்தது. எனினும் அவர்கள் வேண்டிய பாடத்திட்டம் ஏற்கப்படவில்லை.

பொதுப்பணம் வீணாகலாகாது என்பார் சிலர். மெய்தான், அதுவும் அமானிதமே. ஆனால் சேர்க்கையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் இல்லை என்பது, எண்ணெயை வடித்துவிட்டு விளக்கைப் பழிப்பதன்றோ?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் உரையாடிக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தார்கள். அவர்கள்பால் முகம் திருப்பாதது குறித்தே 'அபஸ' அத்தியாயம் அருளப்பெற்றது. தலைவர்கள் இணங்கினால் ஊரே இணங்கும் என்பது நல்ல கணக்கே. ஆயினும் தேடி வந்த அந்த ஒருவரின் உரிமையையே இறைவன் உயர்த்திக் காட்டினான்.

பள்ளியை மூட நேரும் காலமும் வரலாம். அப்போதும், "இப்பிள்ளைகள் இனி எங்கே செல்வார்கள்?" என்னும் கேள்விக்கு விடை கூறிய பின்னரே பூட்டைத் தொட வேண்டும். விடை கூறாமல் பூட்டிய கைக்கு மறுமையில் கேள்வியுண்டு.