தெளிந்த நாளின் கடமை

ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று கூறுகள் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லாரும் கற்றிருக்கிறோம்: கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம். அறிவும் மனமும் எந்நாளும் ஒரே நிலையில் நிற்பவை என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் இதை மனப்பாடம் செய்தோம். ஆனால் மனமே நோயுற்று, சில வாரங்கள் வானில் பறந்தும் சில மாதங்கள் பாதாளத்தில் கிடந்தும் தவிக்கும் ஒருவரை இந்த அளவுகோலால் எப்படி அளப்பது? அவர் செய்தவற்றுக்கும் செய்யாமல் விட்டவற்றுக்கும் அவர் எவ்வளவு பொறுப்பாளி?

மருத்துவர்கள் இதனை இருமுனை மனநிலை நோய் என்கின்றனர். பைபோலார் என்ற பெயரும் இன்று பலர் காதில் விழுகிறது. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோய் உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் சிகிச்சை பெறாதவர்கள். அவர்கள் எங்கோ இருப்பவர்கள் அல்லர். விசைத்தறிகள் இரவு பகல் பாராமல் ஓடும் நம் பல்லடம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். மேல்முனையில் நிற்பவர் மூன்று மணி நேரம் உறங்கி எழுந்து களைப்பின்றி உழைப்பார், ஓயாமல் பேசுவார், வட்டிக்கு வாங்கிப் புதிதாக எட்டுத் தறி போடத் துணிவார், தடுத்தால் சீறுவார். “என்ன சுறுசுறுப்புங்க, பாருங்க!” என்று ஊர் முதலில் மெச்சும். கீழ்முனையில் அதே மனிதர் பாயைவிட்டு எழமாட்டார். குளிப்பதும் உண்பதும் மலையாகத் தோன்றும். ஞாயிறு திருப்பலிக்கும் வரமாட்டார். அப்போது அதே ஊர் அவரைச் சோம்பேறி என்று சொல்லும். இரண்டு தீர்ப்புகளும் பிழையானவை. அந்தச் சுறுசுறுப்பு புண்ணியமன்று. இந்தச் சோர்வு பாவமுமன்று.

மேல்முனையில் எழும் அறச்சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இத்தகைய எழுச்சியில் இருக்கும் ஒருவர் பங்குத்தந்தையிடம் வந்து, கோயில் கோபுரத்துக்கென்று இரண்டு இலட்ச ரூபாயை நீட்டுகிறார். அதை வாங்கலாமா? அறிந்தும் விரும்பியும் ஒருவன் செய்யும் செயலையும், அவனிடமிருந்து தானாக வெளிப்படும் இயக்கத்தையும் புனித தோமா அக்குவினா பிரித்துக் காட்டினார். நோயின் வேகத்தில் வரும் கொடை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கொடுப்பவர் அவரா, அவருடைய நோயா என்பது அந்த நாளில் அவருக்கே தெரியாது. ஆகவே, “இரண்டு மாதம் போகட்டும், அப்போதும் இதே எண்ணம் இருந்தால் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவதே நீதி. இன்று கைநீட்டி வாங்குகிறவர், உண்மையில் அவருடைய மனைவி மக்களின் பங்கைத்தான் வாங்குகிறார். இது பங்குத்தந்தைக்கு மட்டுமன்று. அவருக்குக் கடன் கொடுப்பவருக்கும், நிலம் விற்பவருக்கும், தறி விற்கும் தரகருக்கும் பொருந்தும்.

கீழ்முனையின் துன்பம் வேறு வகையானது. அங்கே நோயாளி தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக் கொள்கிறார். “சாமி, செபிக்கவே வரமாட்டேங்குதுங்க; ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்” என்பார். உடனிருப்போரும் விசுவாசம் போதாது என்று சொல்லி அந்தச் சுமையின்மேல் மேலும் ஒரு கல்லை வைக்கின்றனர். இறைவாக்கினர் எலியாவின் வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது. கார்மேல் மலையில் பெருவெற்றி கண்ட அவர், அடுத்துச் சூரைச்செடியின் அடியில் கிடந்து சாவை வேண்டுகிறார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசப் பாடமும் நடத்தவில்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்து, மறுபடி உறங்க விட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்கிறார். ஓரேபு மலையில் இறைவனின் குரலை எலியா கேட்பது அதற்கும் பின்னர்தான். 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. நம்பிக்கையின் ஒளிக்கீற்று அதன் கடைசி அடியில் இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை தோறும் இரவு மன்றாட்டில் திருச்சபை அதைச் சொல்கிறது. ஒளி தெரியாத நாளில் எழும் முனகலும் செபமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் கொடிய முடிவில்கூட, கடுமையான மன நோய் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அது இரு முனைகளிலும் இல்லாமல், இடையில் வரும் தெளிந்த நாள்களில் இருக்கிறது. அந்நாள்களில் அவர் நம்மைப் போலவே சுதந்திரமானவர். வரப்போகும் நாள்களுக்காகத் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆற்றல் அப்போது அவருக்கு உண்டு. அதுவே அவருடைய கடமை. அவருடைய அன்றாடப் புண்ணியமும் அதுவே.

அதன் முதற்படி மருந்து. 1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்கு லித்தியம் பயன்படுவதைக் கண்டு எழுதினார். இன்றும் பலருக்கு அது முதன்மையான மருந்து. வேறு மருந்துகளும் உள்ளன. லித்தியம் பாறையிலும் உவர்நீரிலும் கிடைக்கும் ஒரு தாது. ஆண்டவர் மண்ணிலிருந்தே மருந்துகளைப் படைத்தார் என்று சீராக்கின் ஞானநூல் சொல்வதை இங்கே நினைக்கலாம். சோர்ந்த நாளில் மருந்து உண்பது எளிது. நலமாக இருக்கும் நாளில் உண்பதே அரிது. “எனக்குத்தான் சரியாகிவிட்டதே” என்ற எண்ணமே பலரை மீண்டும் வீழ்த்துகிறது. லித்தியம் உண்பவர் மருத்துவர் சொல்லும் காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் உடலில் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். எனவே தவக்காலத்தில் தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருப்பது இவருக்குப் பக்தியாகாது. நோயுற்றோரை நோன்பு கட்டுப்படுத்துவதில்லை.

இரண்டாவது உறக்கம். தூக்கம் கெடுவது இந்நோயின் மேல்முனையைத் தூண்டக்கூடும். இரவு ஷிப்டை விட்டுப் பகல் வேலை கேட்பதும், முழு இரவுச் செபக்கூட்டத்திலிருந்து பத்து மணிக்கே வீடு திரும்புவதும் இவருக்குத் தவமுயற்சிகளே. மூன்றாவது நம்பிக்கைக்குரிய ஒருவர். “நான் தூங்காமல் அதிகம் பேசத் தொடங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போ, வங்கிப் புத்தகத்தை நீ வைத்துக்கொள்” என்று தெளிந்த நாளில் மனைவியிடமோ தம்பியிடமோ சொல்லி வைப்பது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதே ஞானத்தை ஏற்றிருக்கிறது: நோய் முற்றும்போது தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் பேசுபவர் யார் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

தாமே விரும்பிக் கட்டிக்கொள்ளும் இந்தக் கட்டுக்கும் பிறர் பூட்டும் சங்கிலிக்கும் எவ்வளவு தொலைவு! 2001 ஆகஸ்டு 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழா நாள். அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் மாண்டனர். அங்கே அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வழி தெரியாமலும் வெட்கத்தாலும் களைத்துப்போன தாய் தந்தையர், உடன்பிறந்தோர். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்துள்ளது. ஆனால் வெட்கம் என்ற சங்கிலியை எந்தச் சட்டமும் கழற்றாது. அதை நாம்தான் கழற்ற வேண்டும்.

முடக்குவாதக்காரர் ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினர் என்று மாற்கு எழுதுகிறார். இயேசு கண்டது அவரைச் சுமந்தவர்களின் நம்பிக்கையை. கீழ்முனையில் கிடப்பவருக்காக நம்பிக்கை கொள்வது அந்த நால்வரின் வேலை; அது நம் அன்பியங்களின் வேலையும்கூட. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாதபோது, அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அவர் திருப்பலிக்கு வராத ஞாயிறன்று காரணம் கேட்காமல் ஒரு தூக்குப்போசியில் சோறு கொண்டு போங்கள். அவர் பேசாவிட்டாலும் சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள். அவர் தெளிந்து எழும் நாளில், நடந்தவற்றை எடுத்துச் சொல்லிக் காட்டாமல், அன்றைய மாத்திரையை உண்டாரா என்று மட்டும் கேளுங்கள்.